ஆறு மணிக்கு மூடிய பெனல்

எங்கள் வகுப்பில் பெனல் கட்டுவது என் வேலை. நான் கேட்டு வாங்கிய வேலை இல்லை. இரண்டாவது மாதம், எங்களுக்குப் படிப்பிக்கும் முத்துலிங்கம் சேர் எல்லோருடைய கொப்பிகளையும் புரட்டிப் பார்த்தார். "திகதி, நேரம் போட்டு எழுதுற ஆள் கிருஷாந்தி மட்டுந்தான்" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்.

வகுப்பு ஹட்டனில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் நாலரைக்குத் தொடங்கும். பகலில் நான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறேன். அங்கிருந்து வகுப்புக்கு நடந்து போக ஏழு நிமிடம் ஆகும்.

வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு மின்சுற்றைக் கணினியில் வரைகிறோம். அதைப் பச்சை நிறப் போர்டாகச் செய்து தரும் தொழிற்சாலை வெளிநாட்டில் இருக்கிறது. அவர்கள் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத்தை ஒரு போர்டு என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தேவையில்லை. அதனால் ஐந்து பேருடைய சிறிய வரைபடங்களை அந்த ஒரு சதுரத்துக்குள் நெருக்கி அடுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் இடையில் சின்னத் துளைகளை வரிசையாகப் போடுவோம். வந்து சேர்ந்ததும் அந்த வரிசையில் வளைத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்து தனித்தனியாகும். துளை வரிசைக்கு எங்கள் வகுப்பில் எலிக்கடி என்று பெயர். முழுச் சதுரத்துக்குப் பெனல் என்று பெயர்.

முதல் பெனலில் ஆளுக்கு ஆள் கடைசி நிமிடம்வரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதில் இரண்டு போர்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வீணாகிவிட்டன. பிழை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. என்னுடையதுதான் என்று நானே எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு விதி போட்டேன். குறித்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெனல் மூடப்படும். மூடிய பிறகு கெஞ்சிக்கொண்டு வரும் செய்திகளை நான் பார்ப்பதில்லை. வகுப்பில் உள்ளவர்களுடைய தனிச் செய்திகள் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குத் தள்ளிவிடுவேன். பார்த்தால் இளகிவிடுவேன், இளகினால் பிழை விடுவேன் என்ற பயம்.

கொப்பியில் இப்படி இருக்கிறது: "ஆகஸ்ட் 22, வெள்ளி. 5.58 பெனல் மூடப்பட்டது. 6.02 அனுப்பப்பட்டது. 6.10 திலக்ஷன் வந்தான்."

அவன் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரயிலில் வருபவன். படியேறி வந்தபோது தலையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"பூட்டியாச்சா?" என்றான்.

"ஆறு மணிக்கே."

"பத்து நிமிஷந்தான கிருஷாந்தி. கோச்சி லேட்டு. நானா தள்ளிக்கிட்டு வர முடியும்?"

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த நிப்ராஸ் சிரித்தான். அவன் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் போர்டு ஒன்று செய்துகொண்டிருந்தான். "மெடத்துக்கிட்ட ஆறுன்னா ஆறுதான் மச்சான். மௌத்தே வந்தாலும் அடுத்த பெனல்லதான் வரணும்" என்றான்.

மௌத் என்றால் அவன் வீட்டுப் பேச்சில் மரணம். எல்லோரும் சிரித்தோம். திலக்ஷனும் சிரித்தான். நானும் சிரித்ததாக நினைவு.

அவன் வரைந்திருந்தது ஒரு எச்சரிக்கைக் கருவி. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, பின்னால் உள்ள மண்கரையில் ஒரு வெடிப்பு இருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து, நடுவில் மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துக் கட்ட வேண்டும். கரை அசைந்தால் கம்பி அறும், லயத்தில் சைரன் அடிக்கும். இவ்வளவுதான். துளை போட்ட பழைய அட்டையில் கையால் ஒன்று செய்து பார்த்திருந்தான். இரண்டு கிழமைப் பனியில் ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூத்துச் செத்துப்போனது. பூச்சுப் போட்ட ஒழுங்கான போர்டு வேண்டும் என்று அதனால்தான் வகுப்பில் சேர்ந்தான்.

அவன் வருவதற்கு இருபது நிமிடம் முன்பு பெனலில் ஐந்தாவது இடம் காலியாகத்தான் இருந்தது. இடம் வீணாகக்கூடாதென்று அதில் என்னுடைய போர்டையே இரண்டாவது தடவை வைத்தேன்.

"சரி, அடுத்ததுல போடுங்க" என்று சொல்லிவிட்டு, பென்டிரைவில் கொண்டுவந்ததை வகுப்புக் கணினியில் ஏற்றிவைத்துவிட்டுப் போனான். அடுத்த பெனலுக்குப் போதிய போர்டுகள் நவம்பர்வரை சேரவில்லை.

நவம்பர் கடைசியில் நாலு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பகல் இரண்டரைக்கு அந்தக் கரை அவர்களுடைய கீழ் லயத்தின்மேல் இறங்கியது. அன்று வேலை இல்லையென்று திலக்ஷன் வீட்டுக் காம்பராவுக்குள் படுத்திருந்தான். கரண்ட் இல்லாததால் தன் போனைத் தங்கச்சியிடம் கொடுத்து, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த தேயிலை ஸ்டோரில் சார்ஜ் போட்டு வரச் சொல்லியிருந்தான். அப்பாவும் அவளோடு போயிருந்தார். அதனால் அவர்கள் இருவரும் போனும் தப்பினார்கள்.

பாதை மூடியிருந்ததால் அடக்கத்துக்கு வகுப்பில் யாரும் போக முடியவில்லை. கருமாதிக்குச் சேரும் நிப்ராஸும் போனார்கள். நான் போகவில்லை. காய்ச்சல் என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். காய்ச்சல் இருந்ததா என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, வகுப்புக் குழுவில் செய்தி போட்டேன்: "அடுத்த பெனல் மார்ச் 13 வெள்ளி மாலை 6.00க்கு மூடப்படும்." யார் யார் பார்த்தார்கள் என்று தொட்டுப் பார்ப்பது என் பழக்கம். மூன்று பெயர்கள் இருந்தன. நாலாவதாகத் திலக்ஷன். இன்று, 4.47.

போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன். மறுபடி நிமிர்த்திப் பார்த்தேன். பெயர் அங்கேயே இருந்தது. நிப்ராஸிடம் காட்டினேன். அவன் முதல் தடவையாகப் பகிடி எதுவும் விடவில்லை. "ஆரோ வீட்டாளுங்க டேட்டா போட்டிருப்பாங்க" என்று மட்டும் சொன்னான்.

அரை மணித்தியாலம் கழித்து அந்த எண்ணிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. மேலே திலக்ஷனுடைய படம், சிரித்துக்கொண்டு. கீழே எழுத்து: "அக்கா நான் நிஷாந்தி. அண்ணன்ட தங்கச்சி. அண்ணன் போர்ட இதுல போடுவீங்களா?"

என்ன பதில் எழுதுவதென்று யோசிக்கும்போதே அடுத்தது வந்தது. கீழ் லயம் போன பிறகு எல்லோரையும் பாடசாலையில் தங்க வைத்திருந்தார்களாம். ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் வெளியே வரச் சொன்னார்களாம். போக இடமில்லாமல் பன்னிரண்டு குடும்பங்கள் மேல் லயத்துக்கு வந்துவிட்டன. அதற்குப் பின்னாலும் வெடிப்பு ஓடுகிறது. குடியிருக்கக்கூடாது என்று சிவப்புக் கடதாசி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "மே மாசம் மழை தொடங்கிரும் அக்கா."

அந்தப் பக்கத்தைத் திறக்காமல், திரையில் எழும்பிய இடத்திலேயே போடுவேன் என்று எழுதினேன். போர்டு வந்து சேர ஏறக்குறைய நாலு கிழமை, பொருத்த ஒரு கிழமை. நேரம் இருந்தது. ஆனால் அதிகம் இல்லை.

மார்ச் 13 அன்று நிஷாந்தியும் வகுப்புக்கு வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். அண்ணனுடைய முகம், ஆனால் சிரிப்பு இல்லாமல். சேர் ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார். அது திலக்ஷன் வழக்கமாக உட்காரும் கதிரை.

ஒவ்வொரு கோப்பாகத் திறந்து சதுரத்துக்குள் கொண்டுவந்தேன். நிப்ராஸுடையது, மற்ற இருவருடையது, என்னுடையது. கடைசியாக, ஆகஸ்டில் திலக்ஷன் கணினியில் ஏற்றிவிட்டுப் போனது. அதை வைத்ததும் திரையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தோன்றி, அவன் போர்டிலிருந்து எங்கள் போர்டுகளுக்கு ஓடின.

இதில் பேய் பிசாசு எதுவும் இல்லை. நாங்கள் எல்லோரும் சேர் கொடுத்த ஒரே மாதிரிக் கோப்பிலிருந்துதான் வரையத் தொடங்குகிறோம். அதனால் எல்லாப் போர்டிலும் பாதைகளுக்கு ஒரே பெயர். மின்சாரம் திரும்பிப் போகும் பாதைக்குக் கிரவுண்ட் என்று பெயர் என்றால் ஐந்திலும் கிரவுண்ட்தான். எது யாருடையது என்று கணினிக்குத் தெரியாது. ஒரே பெயருள்ள இரண்டு இடங்களைக் கண்டால், இவை சேர வேண்டியவை, இன்னும் சேரவில்லை என்று நினைத்து நடுவில் வெள்ளைக் கோடு காட்டும். பெனல் கட்டும்போது எப்போதும் வருவதுதான். நாங்கள் அதை மறைத்துவிட்டு அனுப்பிவிடுவோம். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கோடுகளை மறைக்க என் கை உடனே போகவில்லை.

"இந்த வெள்ளக் கோடெல்லாம் என்னாக்கா?" என்றாள் நிஷாந்தி.

"சேராத எடம்னு காட்டுது. பொய்க்கோடு. நாங்க கண்டுக்கிறதில்ல."

அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். "எல்லாமே பொய்யா?"

மணி 5.35. இருபத்தெட்டு கோடுகள் இருந்தன, எண்ணினேன். எல்லாமே பொய்யா என்று இதுவரை மூன்று பெனல்களில் நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. அத்தனை பொய்க்கோடுகளுக்கு நடுவில் உண்மையான கோடு ஒன்று கிடந்தால் யாருக்குத் தெரியும்?

போர்டுகளை ஒவ்வொன்றாகச் சதுரத்திலிருந்து எடுக்கத் தொடங்கினேன்.

"மெடம், என்ன செய்றீங்க? என்ட கோழிக்குஞ்சையெல்லாம் காலிபண்ணிட்டீங்களா?" என்று நிப்ராஸ் பாய்ந்து வந்தான்.

"திரும்ப வைப்பேன்."

"ஆறுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கி. ஞாபகப்படுத்துறேன், பொறவு என்னக் குத்தம் சொல்லப்படாது."

அவனுடையதை எடுத்ததும் பதினொரு கோடுகள் மறைந்தன. மற்ற இருவருடையதை எடுத்ததும் பதின்மூன்று. கடைசியாக என்னுடையதை எடுத்தேன். திலக்ஷனுடைய போர்டு மட்டும் கறுப்புத் திரையில் தனியாக நின்றது. அதற்குள்ளே ஒரே ஒரு வெள்ளைக் கோடு, ஒரு நகத்தின் நீளம், போகாமல் நின்றது.

சேர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "சைரன் மூலை. அதுக்குக் கிரவுண்ட் வந்து சேரல்ல" என்றார். பிறகு மெதுவாக, "இப்படியே போயிருந்தா ஊமையாத்தான் வந்திருக்கும்" என்றார்.

இரண்டு இடங்களையும் ஒரு சின்னச் செம்புக் கோட்டால் இணைத்தேன். வெள்ளைக் கோடு மறைந்தது. மற்ற நான்கு போர்டுகளையும் திரும்பக் கொண்டுவந்து, எலிக்கடி போட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து அனுப்பும்போது மணி 6.25. நிப்ராஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

படியிறங்கும்போது நிஷாந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஆகஸ்ட்லயே இதப் போட்டிருந்தா, அன்னைக்கு அடிச்சிருக்குமா?"

நாலு மாதமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இப்போது என்னிடம் பதில் இருந்தது, சேரே வாயால் சொன்ன பதில்.

"இல்ல நிஷாந்தி. அடிச்சிருக்காது. பாத்தாய்தான, கிரவுண்ட் இல்ல."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வழியெல்லாம் தூங்கினேன். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று தெரிந்தது. அவனுடைய பிழையைக் கண்டுபிடித்ததில் சந்தோஷம். அதைக் கொப்பியில் எழுத முடியவில்லை. "6.25 அனுப்பப்பட்டது" என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். திலக்ஷனுடைய படம் போனில் எழும்பியது. "அக்கா, அண்ணன் ஒங்களுக்கு ஒரு வொய்ஸ் அனுப்பியிருக்கு. நீங்க இன்னும் கேக்கல."

கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைத் திறந்தேன். ஆகஸ்டில் தள்ளிவைத்த செய்திகள் அப்படியே கிடந்தன. நிஷாந்தி இந்த மாதம் எழுதியவை கீழே இருந்தன. அதற்கு மேலே, நான் ஒருபோதும் உருட்டிப் பார்க்காத இடத்தில், ஒரு குரல்பதிவும் ஒரு கோப்பும். ஆகஸ்ட் 23, சனி, காலை 9.05. பதிவு நாற்பத்தொரு விநாடி.

மெஷினை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன். முதலில் தகரத்தில் மழை. யாரோ இருமினார்கள். பிறகு அவன்:

"கிருஷாந்தி, நாந்தான். கதவ சாத்துனப்பறமும் தட்டுறேன்னு கோவிச்சுக்காதீங்க. காலையில எழும்பிப் பாத்தா, சைரன் பக்கம் கிரவுண்ட் சேரல. சேத்துட்டேன். இன்னொண்ணு, மழைன்னா எங்க லயத்துல கரண்டுதான் மொதல்ல போகும். அதுக்கு பெட்டரி ஒண்ணு வைக்க எடம் போட்டிருக்கேன், போர்டு கொஞ்சம் பெருத்துப்போச்சு. ஓடர் திங்கக்கெழமதான உறுதியாகும்? அஞ்சாவது எடத்துல ஒங்களோடது ரெண்டாவதா இருக்காமே, நிப்ராஸ் சொன்னான். ஒண்ணத் தூக்கிட்டு இத வைக்க முடியுமான்னு பாருங்க. முடியாட்டி பரவால்ல. மலை எங்கயும் ஓடிறாது."

கடைசியில் அவன் சிரிப்பது போல ஒரு மூச்சு. அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் அவன் இதைப் பற்றிக் கேட்டதே இல்லை; முடியாது என்பதுதான் என் பதில் என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

பிறப்புச் சான்றிதழ்க்காரர், "என்ன தங்கச்சி, மெஷின் பழுதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி மிச்சத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கொப்பியைப் பார்த்தேன். ஆகஸ்ட் 25, திங்கள், 11.20: ஓடர் உறுதி செய்யப்பட்டது. நாங்கள் அனுப்புவதைத் தொழிற்சாலை சரிபார்த்துத் திருப்பி எழுதும். திங்கட்கிழமை நாங்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும், உறுதி செய்வதே நான்தான். இத்தனை நாளும் பத்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்ற இருந்த நேரம் இரண்டு நாட்களுக்கும் மேல். போர்டு செப்டம்பர் கடைசியில் வந்திருக்கும். கிரவுண்ட் சேர்ந்த போர்டு. பெட்டரி உள்ள போர்டு.

கடை மூடிய பிறகு வகுப்புக்குப் போய், சேரிடம் சாவி வாங்கி, அவன் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். நான் முந்தின நாள் இணைத்த அதே இடத்தில் அவனும் இணைத்திருந்தான். அதே அகலம், அதே வளைவு. வேறு மாதிரி இணைக்க அங்கே இடமில்லை, காரணம் அதுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எது நான் போட்டது, எது அவன் போட்டது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. வலப்பக்கத்தில் பெட்டரிக்கான இடம் மட்டும் அவனுடையதில் கூட இருந்தது. நேற்று நான் அனுப்பிய பெனலில் அது இல்லை. நேற்று அனுப்பியது கரண்ட் உள்ளவரை நன்றாக அடிக்கும். கரண்ட் போன மழையில் அடிக்காது.

சேருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், பெனல மாத்தணும்."

"ஆரு பேசுறது?" என்றார் சேர். "கிருஷாந்தியா? பெனல மூடினாப் பொறகு மாத்தணும்னு கிருஷாந்தி கேக்கிறாளா?"

"ஓம் சேர். திங்கக்கெழமைக்கு முன்னால மாத்தினா எடுப்பாங்க."

"அது ஒனக்கு எப்பவும் தெரியுந்தான?" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"தெரியும் சேர்."

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மறுபடி அடுக்கினேன். அவனுடைய போர்டு எட்டு மில்லிமீட்டர் கூட. எப்படித் திருப்பி வைத்தாலும் ஐந்தும் அடங்கவில்லை. என்னுடையதை எடுத்துவிட்டேன். மிச்சமிருந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. பிறகு ஒவ்வொரு போர்டையும் தனியாக நிறுத்தி, உள்ளே கோடு ஏதாவது இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் இல்லை. நாலாவது தடவையும் பார்த்தேன்.

போர்டுகள் ஏப்ரல் 11 வந்தன. சித்திரைப் புதுவருட விடுமுறை முடிந்ததும் நிப்ராஸும் நானும் பாகங்களை வைத்து ஈயம் போட்டோம். அவன் தன்னுடையதை ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் முதலில் முடித்தான். ஒரு சமயம், தலையை நிமிர்த்தாமல், "அன்னைக்கி நான் சொன்ன அந்தப் பேச்சு, மௌத்துன்னு" என்று தொடங்கினான். மிச்சத்தைச் சொல்லாமல் ஈயத்தை ஊதினான்.

ஏப்ரல் 26, ஞாயிறு. வட்டவளையில் இறங்கி, தோட்டத்து லொறிப் பாதையில் ஒரு மணித்தியாலம் ஏறினோம். கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், நடுவில் ஒரு சுவரின் மூலையும் இருந்தன. அதில் இன்னும் நீலச் சாயம். யாரும் அதைச் சுட்டிக் காட்டவில்லை. எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பதற்குப் பழகியிருந்தார்கள்.

திலக்ஷனின் அப்பா ஆண்டியப்பன் ஏற்கெனவே வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து வைத்திருந்தார். கம்பியை இழுத்துக் கட்டினோம். சைரனை லயத்தின் நடுக் காம்பராவின் முன் திண்ணையில், இஸ்தோப்பில், கூரைக்குக் கீழே பொருத்தினோம். நிப்ராஸ் மெயின் சுவிட்சை அணைத்தான். பெட்டரி விளக்கு எரிந்தது. கம்பியின் முனையைக் கொக்கியிலிருந்து நான் கழற்றினேன்.

சைரன் அடித்தது. நாய்கள் குரைத்தன, பிள்ளைகள் கத்தினார்கள். வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். "அடியாத்தீ, செத்தவனே எழும்பிருவான் போலருக்கே" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆண்டியப்பன் மட்டும் நிற்கவில்லை. காம்பராவுக்குள் போய் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்தார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் மைதானத்தின் நடுவில் போய் நின்றார். சைரன் நின்ற பிறகும் அங்கேயே நின்றார்.

"மாமா, இது சும்மா சோதிச்சுப் பாத்தது" என்று நான் கத்தினேன்.

"தெரியும் புள்ள" என்றார். வரவில்லை.

நிஷாந்தியும் நானும் கம்பியைத் திரும்ப மாட்டுவதற்காகக் கரையில் ஏறினோம். அங்கே வைத்துத்தான் சொன்னேன். சொல்லும் முறையை எழுதிப் பழகியிருந்தேன். எழுதியது எதுவும் வரவில்லை.

"அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சொன்னது சரியில்ல. அந்த வொய்ஸ ஆகஸ்ட்லயே கேட்டிருந்தா மாத்தியிருக்கலாம். திங்கக்கெழம வரைக்கும் நேரம் இருந்திச்சு. மாத்தியிருந்தா அடிச்சிருக்கும்."

அவள் கொக்கியை மாட்டி, கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பத்திலருந்து?"

"டிசம்பர்லருந்து. அண்ணன் குரல் வேணும்னு போன்ல தேடிக்கிட்டே இருந்தேன். அதுல ஆகக் கடைசியா, நீளமாப் பேசினது அதுதான்."

"பிறகு ஏன் வகுப்புல வந்து என்கிட்ட கேட்ட?"

"நீங்க என்னா சொல்வீங்கன்னு பாக்க." கீழே லயத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒங்களுக்கு அத அனுப்பவே கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்களே ஒருநா தொறந்து பாப்பீங்க, பாத்துத் துடிக்கட்டும்னு. ஆனா பெட்டரி இல்லாம போர்டு வந்தா இவங்க எல்லாம் என்னா செய்வாங்க? பன்னெண்டு வீட்டுலயும் கொழந்த இருக்கு."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழமைல ஒங்களுக்கு லீவுதான? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீங்க வந்து இதக் கழட்டி அடிச்சுப் பாக்கணும். வேற ஆளு வேணாம். நீங்க."

சரி என்றேன்.

மே பத்தாம் திகதி மழை தொடங்கியது. இதுவரை எட்டு ஞாயிறு போயிருக்கிறேன். கம்பி அறவில்லை. கரை நிற்கிறது. அரசாங்கம் வீடு கட்டித் தரும்வரை அது நிற்க வேண்டும். லயத்தில் எனக்குச் சங்கூதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும், "வந்துட்டா சங்கூதி, புள்ளயத் தொட்டில்லருந்து தூக்குடி, பயந்துக்கும்" என்று வாசலுக்கு வாசல் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போதெல்லாம் யாரும் வெளியே ஓடுவதில்லை. கதவிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆண்டியப்பன் மட்டும் ஒவ்வொரு தடவையும் கம்பளியோடு மைதானத்துக்குப் போய் நிற்கிறார்.

கம்பியைக் கழற்றியதும் சைரன் உடனே அடிப்பதில்லை. ஆடோ நாயோ மோதினால் அடிக்கக்கூடாதென்று திலக்ஷன் இரண்டு விநாடி தாமதம் வைத்திருக்கிறான். அந்த இரண்டு விநாடியும் நான் வெடிப்புக்குப் பக்கத்தில், கையில் கம்பி முனையோடு குந்தியிருப்பேன். பனியில் கீழே கூரைகள் பாதி தெரியும். மண்ணுக்குள் தண்ணீர் போகும் சத்தம் கேட்கும். அடிக்குமா என்று நினைப்பேன். போன கிழமை அடித்தது என்பது அந்த நேரத்தில் உதவுவதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று விநாடி ஆனது போல இருந்தது. மூன்றுக்கும் மேல் என்றுகூட நினைத்தேன். பிறகு அடித்தது. கம்பியை மாட்டிவிட்டு, போனில் நேரம் வைத்து மறுபடி கழற்றினேன். சரியாக இரண்டுதான்.

நிஷாந்தி கீழே இஸ்தோப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் இரண்டு தடவை அடித்தேன் என்று கேட்கவில்லை.

"இன்னொருக்கா அடிங்க" என்றாள்.